கோ, வென்ட், கான் ஏன் இப்படி இருக்கிறது?

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ ஏதாவது ஒரு டியூஷன் வாசலில் நின்றால் இந்தப் பாட்டு காதில் விழும்: கோ, வென்ட், கான், கம், கேம், கம், ஈட், ஏட், ஈட்டன். கைடின் பின்பக்கத்தில் மூன்று கட்டம் போட்ட ஒரு டேபிள் இருக்கும், வி ஒன், வி டூ, வி த்ரீ என்று தலைப்புப் போட்டு. அரைஸ், அரோஸ், அரிசன் என்று தொடங்கி ரைட், ரோட், ரிட்டன் என்று முடியும். பிள்ளைகள் பாவம், பி எழுத்தைத் தாண்டுவதற்குள் கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவார்கள்.

எனக்கு மனப்பாடத்தின் மேல் கோபம் இல்லை. மொழியில் கொஞ்சம் மனப்பாடம் இல்லாமல் நடக்காது. கோபம் அந்த வரிசையின் மேல்தான். சிங், ரிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின் ஐந்தும் ஒரே மாதிரி மாறுபவை: சாங், ராங், ட்ராங்க், ஸ்வாம், பிகான். ஆனால் டேபிளில் ஐந்தும் ஐந்து மூலையில் கிடக்கும். கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களைக் குடும்பம் குடும்பமாக உட்கார வைக்காமல் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து உட்கார வைத்த மாதிரி. யாருக்கு யார் என்ன உறவு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரியாததால், எல்லாமே தாறுமாறு, ஒரு விதியும் கிடையாது, உருப்போடுவதைத் தவிர வழியில்லை என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். உண்மை அப்படி இல்லை. இவை விதி இல்லாத சொற்கள் அல்ல, பழைய விதிப்படி நடக்கும் சொற்கள், அந்த விதியைத்தான் மற்ற சொற்கள் விட்டுவிட்டன.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் ஒரே மூல மொழியிலிருந்து பிரிந்து வந்தவை. அந்த மூல மொழியில் இறந்தகாலம் சொல்ல இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சொல்லின் நடுவில் இருக்கும் உயிரோசையை மாற்றுவது: சிங் என்றால் பாடு, சாங் என்றால் பாடினான். இன்னொன்று, சொல்லின் கடைசியில் ட் மாதிரி ஓர் ஒலியை ஒட்டுவது: லவ், லவ்டு. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாகோப் கிரிம் பெரிய மொழி அறிஞரும்கூட. அவர்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல் வகைக்கு வலிய வினை என்றும் இரண்டாவதற்கு மெலிய வினை என்றும் பெயர் வைத்தார். உள்ளே இருக்கும் ஓசையை மாற்றியே வேலையை முடித்துக்கொள்வது வலியது, வெளியிலிருந்து ஒட்டு கேட்பது மெலியது என்பது அவர் கணக்கு. பழைய ஆங்கிலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட வலிய வினைகள் இருந்தன. காலம் போகப் போக அவற்றில் பெரும்பகுதி வழக்கொழிந்தது அல்லது ஈடி பக்கம் போய்விட்டது. (இந்த ஈடி அமலாக்கத் துறை இல்லை, சொல்லின் கடைசியில் வரும் இரண்டு எழுத்து.)

அந்த ஈடி எங்கிருந்து வந்தது என்பதற்கு மொழியியலாளர்கள் பலர் ஏற்றுக்கொள்ளும் ஒரு விளக்கம் உண்டு. 'செய்' என்ற பொருளுள்ள டூ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம் மற்ற வினைகளின் வாலில் ஒட்டி, தேய்ந்து, இப்படி ஆகியிருக்கிறது. அதாவது லவ்டு என்பது ஆதியில் 'லவ் செய்தான்'. நமக்கு இது கொஞ்சமும் புதிதில்லை. டவுன்லோட் பண்ணினான், ரீசார்ஜ் பண்ணினான், கேன்சல் பண்ணினான் என்று நாம் தினம் செய்வதும் இதே வேலைதான். வெளியிலிருந்து வந்த சொல்லின் உடம்பில் நாம் கை வைப்பதில்லை, பக்கத்தில் பண்ணு என்று ஒன்றை நிறுத்தி, காலம் காட்டும் பொறுப்பை அதன் தலையில் கட்டிவிடுகிறோம். ஆங்கிலமும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறது. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சிலிருந்து வந்து குவிந்த வினைகள் ஏறக்குறைய எல்லாமே ஈடி போட்டுக்கொண்டதற்கும் காரணம் இதுதான். புதிதாக வருகிறவனுக்கு எளிய வழி.

சரி, நம் வயலுக்கு வருவோம். உழுதான், விதைத்தான், நாற்றுப் பறித்தான், நட்டான், தண்ணீர் பாய்ச்சினான், அறுத்தான். ஒரு போகத்துக்குள் எத்தனை விதமான இறந்தகாலம் வந்துவிட்டது பாருங்கள். உழு, நடு இரண்டும் பார்க்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கின்றன, ஆனால் உழுதான், நட்டான். 'நடுதான்' என்று திருவாரூர் பக்கம் மூன்று வயதுப் பிள்ளை சொன்னாலும் வீடே சிரிக்கும். நன்னூல் இதை த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலைகளுக்குள் அடக்கிவிடுகிறது. ஆனால் எந்த வினைக்கு எது வரும் என்பது கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் தெரியும். நமக்கு யாரும் செல், சென்றான்; கேள், கேட்டான்; தின், தின்றான் என்று டேபிள் போட்டுத் தரவில்லை.

டேபிள் தேவைப்பட்டவர்கள் வேறு ஆட்கள். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகித் தமிழ் கற்றவர். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. அவருடைய தாய்மொழியில் குடிப்பதற்கு டிரிங்கன், டிராங்க், கெட்ருங்கன். ஆங்கிலத்தின் ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்கோடு அப்படியே பொருந்திப் போகும், இரண்டும் பங்காளி மொழிகள். ஆக, இன்று நம் பிள்ளைகளைப் படுத்தும் உயிரோசை மாற்றம் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தது. நடு, நட்டான்தான் அவருக்குப் பாடம். பின்னாளில் தரங்கம்பாடி மிஷன் வேலையை ஏற்று நடத்திய லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் க்ரவுல், தமிழ் வினைகளை ஏழு வகையாகப் பிரித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெரிய தமிழ் அகராதியைப் புரட்டினால் வினைச்சொற்களின் பக்கத்தில் ஓர் எண் போட்டிருக்கும், அது இந்த மாதிரி வகைப்பாட்டின் வழியில் வந்ததுதான். வெளியிலிருந்து வந்தவர்கள் நம் மொழியைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் படித்துவிட்டுப் போனார்கள், நாம் அவர்கள் மொழியை இன்னும் அகரவரிசையில் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆங்கிலக் குடும்பங்களையும் அப்படிப் பிரித்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். மேலே சொன்ன சிங், சாங், சங் ஒரு குடும்பம், மூன்று படியிலும் ஓசை மாறும். ட்ரைவ், ட்ரோவ், ட்ரிவன் இன்னொன்று, அதில் ரைட், ரைடு, ரைஸ் எல்லாம் சேரும். க்ரோ, க்ரூ, க்ரோன் என்பதில் நோ, ப்ளோ, த்ரோ, ஃப்ளை. ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன் என்பதில் ப்ரேக், ஸ்டீல், வேர், டேர். இவையெல்லாம் வலிய வினைகளின் மிச்சம் (உடுத்துவதைச் சொல்லும் இந்த வேர் மட்டும் பிற்பாடு வந்து சேர்ந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்).

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த குடும்பம். கீப், கெப்ட். ஸ்லீப், ஸ்லெப்ட். ஃபீல், ஃபெல்ட். மீன், மென்ட். லீவ், லெஃப்ட். மீட், மெட். என்ன நடக்கிறது? நெடில் குறிலாகிறது. தமிழில் காண், கண்டான், வா, வந்தான், நோ, நொந்தான், சோறு வே, வெந்தது. உறவே இல்லாத இரண்டு மொழிகள், ஆனால் காதுக்கு ஒரே தாளம். கீப் பிறந்து வளர்ந்த கதையும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது ஏறக்குறைய கேப்பன், இறந்தகாலம் கேப்டே. ப், ட் என்று இரண்டு மெய் அடுத்தடுத்து வந்ததால் முன்னால் இருந்த ஏ குறுகி எ ஆனது. அதற்கப்புறம், சுமார் 1400-இலிருந்து 1700 வரைக்கும் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் கூட்டமாக இடம் மாறின. அதில் ஏ என்பது ஈ ஆகிவிட்டது. நிகழ்காலம் கேப் என்பதிலிருந்து கீப் ஆனது இப்படித்தான். இறந்தகாலத்தில் இருந்ததோ ஏற்கெனவே குறில், நெடிலுக்கு வந்த மாற்றம் அதைத் தொடவில்லை, அது கெப்ட் என்றே நின்றுவிட்டது. நாம் தாறுமாறு என்று நினைப்பது இரண்டு விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக வேலை செய்த விளைவு. ரீட் என்று எழுதிவிட்டு இறந்தகாலத்தில் அதே எழுத்தை ரெட் என்று படிப்பதும் இதே குடும்பத்து விவகாரம், எழுத்து மட்டும் மாறாமல் போனது. லீட் என்பதற்கு அப்படி இல்லை, எழுதும்போதும் ஏ என்ற ஆங்கில எழுத்து போய்விடும். இங்கே சறுக்காதவர் குறைவு, ஆங்கிலப் பத்திரிகைகள் உட்பட.

பாட், தாட், பிராட், டாட், காட் என்று முடியும் குடும்பம்: பை, திங்க், பிரிங், டீச், கேட்ச் ஆகியவற்றின் இறந்தகாலம். எழுத்தில் ஜி, ஹெச் என்று இரண்டு எழுத்து சும்மா நிற்குமே, அது ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து காற்றோடு வந்த ஒலி. ஒலி செத்துப் போச்சு, எழுத்து மட்டும் நிற்கிறது. இதில் கேட்ச் பிரெஞ்சிலிருந்து வந்தது. நியாயமாக கேட்ச்டு என்று இருக்க வேண்டும், ஆனால் அதே பொருளில் இங்கே ஏற்கெனவே இருந்த ஒரு பழைய ஆங்கில வினையைப் பார்த்து அதன் மாதிரியே மாறிக்கொண்டது.

கட், புட், ஹிட், ஷட், ஹர்ட், செட், காஸ்ட், ஸ்ப்ரெட் எல்லாம் மாறவே மாறாது. எல்லாம் ட் ஓசையில் முடிவதைக் கவனியுங்கள். கடைசியில் ஏற்கெனவே ட் இருக்கிறது, இன்னொரு ட் ஒட்டினால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் ட் ஓசையில் முடியும் எல்லாம் இப்படி இல்லை, வான்டெட் இருக்கிறது, வெயிட்டெட் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் டெல்டாக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சொல் பிராட்காஸ்ட். ரேடியோ வருவதற்கு வெகுகாலம் முன்பே அது விவசாயச் சொல், கையால் விதையை வீசித் தெளிப்பது. வேளாண் துறைக் குறிப்புகளில் இன்றைக்கும் நாற்று விடாமல் விதையைத் தெளிப்பதற்கு அந்தச் சொல்தான். காஸ்ட் என்றால் வீசு. அது மாறாது, அதனால் பிராட்காஸ்ட்டும் மாறாது. பிராட்காஸ்டெட் என்பதையும் சில அகராதிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன, ஆனால் பரீட்சைத் தாளில் பழையதையே எழுதுவது நல்லது.

செண்ட், லெண்ட், பெண்ட், ஸ்பெண்ட், பில்ட் ஐந்தும் இறந்தகாலத்தில் கடைசியில் இருக்கும் டி எழுத்தை விட்டு, அது நின்ற இடத்தில் வல்லின ட் போட்டுக்கொள்ளும். எண்ட், மெண்ட் இரண்டும் கேட்காது, அவை ஈடிதான்.

குடும்பமே இல்லாத ஒற்றையாட்கள் ஒன்றிரண்டு பேர்தான். கோவுக்கும் வென்டுக்கும் உறவே கிடையாது. வென்ட் என்பது வெண்ட் என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். செண்ட், சென்ட் மாதிரி வெண்ட், வென்ட். கோ தன் பழைய இறந்தகாலத்தைத் தொலைத்துவிட்டு இதை இரவல் வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. பி என்ற வினை இன்னும் மோசம்: ஆம், இஸ் ஒரு வேரிலிருந்து, பி ஒரு வேரிலிருந்து, வாஸ், வேர் மூன்றாவது வேரிலிருந்து.

ஏன் சில மட்டும் இப்படிப் பழைய விதியிலேயே நிற்கின்றன, மற்றவை ஈடி பக்கம் போய்விட்டன? அடிக்கடி வாயில் வருவது மாறாது, அபூர்வமாக வருவது மாறிவிடும். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் பத்து வினைகளை எடுத்தால் பத்துமே ஈடி போடாதவை: பி, ஹேவ், டூ, கோ, சே மாதிரி. 2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். பழைய ஆங்கிலத்திலிருந்து ஒழுங்கற்ற வினைகள் 177-ஐ எடுத்துப் பார்த்ததில், இடைக்கால ஆங்கிலத்தில் 145 அப்படியே இருந்தன, இன்றைக்கு 98. நூறு மடங்கு குறைவாகப் புழங்கும் வினை பத்து மடங்கு வேகமாக ஈடி பக்கம் சாய்கிறது என்பது அவர்கள் கண்டது. ஹெல்ப் ஒரு காலத்தில் ஹெல்ப்டு அல்ல. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் ஹோல்பன் என்று இருக்கும். அது போய்விட்டது.

காரணம் எளிது. ஒரு பழைய வடிவத்தை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் பிள்ளை அதைப் போதுமான தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் பொதுவிதியைப் போட்டுக்கொள்ளும். தமிழிலும் வளைந்து கிடப்பவை எவை என்று பாருங்கள்: வா, வந்தான், தா, தந்தான், சா, செத்தான், போயிற்று தேய்ந்து போச்சு. எல்லாம் நாள் முழுக்க வாயில் புழங்குபவை.

எப்போதும் ஒரு திசைதான் என்று நினைக்க வேண்டாம். டிக் என்பதற்கு அதே பழைய வேதாகமத்தில் டிக்டு என்றுதான் இருக்கும். இன்றைய டக் பிற்பாடு வந்தது. வேர் என்பதும் முன்பு மெலிய வினை, டேர், டோர் குடும்பத்தோடு பழகி வோர் ஆனது. அமெரிக்காவில் ஸ்னீக் என்பதற்கு ஸ்னக் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிளம்பி இன்று நன்றாகவே ஊன்றிவிட்டது. குடும்பம் வலுவாக இருந்தால் வெளியாளையும் இழுத்துக்கொள்ளும்.

சின்னப் பிள்ளைகள் கோட், ஈட்டட் என்று தப்பாகச் சொன்னால் இங்கிலீஷ் மீடியத்துக்குக் கட்டிய பணம் வீண் என்று பெற்றோர் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். பதற வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் முதலில் வென்ட் என்று சரியாகச் சொல்லி, ஈடி விதி பிடிபட்ட பிறகு கோட் என்று தப்பாகச் சொல்லி, அப்புறம்தான் மறுபடி வென்டுக்குத் திரும்புகின்றன. 1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இல்லாத வினைகளை அவராகவே உண்டாக்கிப் பிள்ளைகளிடம் இறந்தகாலம் கேட்டார். கேட்டே இராத சொல்லுக்கும் பிள்ளைகள் ஈடி ஒலியைச் சரியாக ஒட்டின. ஈட்டட் என்று சொல்கிற பிள்ளை கிளியாக ஒப்பிக்கவில்லை, விதியைக் கண்டுபிடித்திருக்கிறது.

இனி நாம் எங்கே சறுக்குகிறோம் என்பதற்கு வருவோம். டெல்டாவுக்கு ஆங்கிலம் நேற்று வந்ததல்ல. வலங்கைமானில் 1869-இல் பிறந்த சீனிவாச சாஸ்திரி தன் ஆங்கிலப் பேச்சால் வெள்ளி நாக்கர் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கினார். அவர் படித்த அதே கும்பகோணம் கல்லூரியில்தான் ராமானுஜன் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தார். ஒரே கல்லூரி, இரண்டு விதி.

நம் தவறுகளில் பெரும்பாலானவை வடிவம் தெரியாததால் வருவதல்ல. வென்ட் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'டிட் யூ வென்ட்' என்கிறோம். 'போனாயா' என்று கேட்கும்போது தமிழில் காலம் வினையிலேயே இருக்கிறது, அதை அப்படியே கொண்டுபோகிறோம். ஆங்கிலத்தில் டிட் வந்த உடனே காலம் அதில் ஏறிவிட்டது, வினை வெறும் கோ ஆகிவிட வேண்டும். இதைப் புரியவைக்கத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது, ஆசிரியர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று தெரியவில்லை: போகவில்லை. அதில் 'போக' என்பதில் காலம் இருக்கிறதா? இல்லை. போனேன் என்பதற்கு மறுப்பு 'போனேன் இல்லை' அல்ல. இல்லை வந்ததும் வினை காலத்தைக் கழற்றிவிட்டது. டிட் நாட் கோ என்பதும் அதேதான்.

அடுத்தது ஹேட் கான். 'நேற்று கும்பகோணம் போயிருந்தேன்' என்பது தமிழில் அழகான வாக்கியம். அதை நேராக 'யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு கும்பகோணம்' என்று ஆக்கினால் ஆங்கிலக் காதுக்கு ஏதோ பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும்: போயிருந்தாய், சரி, அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஹேட் என்பது இன்னொரு பழைய நிகழ்ச்சிக்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல. வெறுமனே போய்விட்டு வந்ததற்கு ஐ வென்ட் போதும்.

அப்புறம் ஜோடி வினைகள். இதற்குத்தான் தமிழ் தெரிந்தவருக்கு நல்ல அனுகூலம் இருக்கிறது. சாய்ந்தது, சாய்த்தது; உடைந்தது, உடைத்தது; திரும்பினான், திருப்பினான் என்று தன்வினை, பிறவினை நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்திலும் அப்படிச் சில ஜோடிகள் பழைய காலத்திலிருந்து மிஞ்சியிருக்கின்றன, ஒரு தெளிவான பாங்கோடு: தானாக நடந்தால் உயிரோசை மாறும், ஒருவர் நடத்தினால் ட் ஓசை ஒட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது தென்னைகள் விழுந்தன: ஃபால், ஃபெல், ஃபாலன். புயல் தென்னைகளைச் சாய்த்தது: ஃபெல், ஃபெல்டு, ஃபெல்டு. மேட்டூரில் நீர்மட்டம் உயர்ந்தது: ரோஸ். ஷட்டரை உயர்த்தினார்கள்: ரெய்ஸ்டு. எல்லோரையும் குழப்பும் லையும் லேயும் இந்த வகைதான். நெல் மூட்டைகள் கொள்முதல் நிலையத்தில் மழையில் கிடந்தன: லே. மூட்டைகளைத் தார்ப்பாய் மேல் வரிசையாகக் கிடத்தினார்கள்: லெய்டு. கிடப்பதன் இறந்தகாலமும் கிடத்துவதன் நிகழ்காலமும் ஒரே லே ஆகிப்போனதுதான் தொல்லை. பொய் சொல்லும் லை முற்றிலும் வேறு ஆள், அவனுக்கு லைடு.

வெள்ளக் காலத்தில் ஒரு தவறு ஆண்டுதோறும் வரும். கொள்ளிடம் கரை புரண்டது என்பதற்கு 'ஓவர்ஃப்ளோன்' என்று எழுதுவார்கள். ஃப்ளோன் என்பது பறப்பதன் மூன்றாம் வடிவம். ஓடுவதற்கு ஃப்ளோடு, கரை புரள்வதற்கு ஓவர்ஃப்ளோடு. வேடிக்கை என்னவென்றால் ஃப்ளோ என்பதும் பழைய ஆங்கிலத்தில் க்ரோ மாதிரி உள்ளுக்குள் மாறிய வினைதான், பிற்பாடு ஈடி பக்கம் வந்துவிட்டது. தப்பாக எழுதுகிறவர் ஆயிரம் வருஷம் தாமதமாக எழுதுகிறார், அவ்வளவே.

ஃபவுண்ட், ஃபவுண்டெட் குழப்பம் கல்வெட்டுப் பலகைகளில்கூடக் கண்ணில் படும். வயலைத் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தது, அது வாஸ் ஃபவுண்ட். கும்பகோணம் கல்லூரி 1854-இல் நிறுவப்பட்டது, அது வாஸ் ஃபவுண்டெட். ஒரு ஈடி குறைந்தால் கல்லூரியையும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்ததாக ஆகிவிடும். துணியைத் தொங்கவிட்டால் ஹங், ஆளைத் தூக்கில் போட்டால் ஹேங்டு.

பரீட்சை எழுதுகிறவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி, லேர்ன்ட் சரியா லேர்ன்டு சரியா, பர்ன்ட் சரியா பர்ன்டு சரியா என்பது. இரண்டும் சரி. ட் ஒலியில் முடிவது பிரிட்டனில் அதிகம், ஈடி அமெரிக்காவில் அதிகம். காட்டன் என்று கெட் வினையின் மூன்றாம் வடிவத்தை அமெரிக்கர்கள் சொல்வதை நம்மவர்கள் கொச்சை என்று நினைப்பதுண்டு; உண்மையில் அது இங்கிலாந்தில் முன்பு இருந்து பிரிட்டிஷ்காரர்கள் கைவிட்ட பழைய வடிவம். நம் பாடநூல்கள் பிரிட்டிஷ் வழக்கில்தான் இருக்கின்றன, அதனால் காட் என்றே எழுதலாம். ஒரே விடைத்தாளில் ஒரு பக்கம் லேர்ன்ட், அடுத்த பக்கம் லேர்ன்டு என்று கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.